விக்கல் கோடு

அந்தத் தெருவின் கிழக்குச் சாரி புதுச்சேரி. மேற்குச் சாரி தமிழ்நாடு. நடுவில் ஒரு தார் ரோடு.

கரண்ட் போனால் ஒரு பக்கம்தான் போகும். அப்போது இருட்டுப் பக்கத்துக்காரர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் எதிர்வீட்டில் சார்ஜ் போடுவார்கள். இன்னொரு நாள் எதிர்வீட்டுக்காரர்கள் இங்கே வருவார்கள். யாரும் யாரையும் எந்த அரசாங்கம் என்று கேட்டதில்லை.

கிழக்குச் சாரியில் ஒரு பழைய அரிசி ஆலை. ஆலை ஓடுவது நின்று வெகு காலம் ஆயிற்று. அதற்குள்தான் மதலேன் டீச்சர் பட்டறை வைத்திருந்தார்.

அங்கே செய்கிற வேலைகளைப் படம் என்று சொன்னால் பாதிதான் சரி. சாக்கு, கிழிந்த வலை, கல்யாண ஃபிளெக்ஸ் பேனர், துருப்பிடித்த தகரம், செங்கல் பொடி, மைதாப் பசை. இவற்றை ஒன்றோடு ஒன்று ஒட்டி, தைத்து, தேய்த்து, சுவரில் மாட்டுவார்கள். அதில் ஆளும் இருக்காது, மரமும் இருக்காது. "இது என்னங்க?" என்று யாராவது கேட்டால் டீச்சர், "உங்களுக்கு என்னவா இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்.

பாடம் என்று ஒன்றும் நடத்த மாட்டார். "இங்க என்ன கத்துக் குடுக்கறீங்க?" என்றால், "கிழிக்கிறது, ஒட்டுறது" என்பார்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் வைரக்கண்ணுவும் ஒருவர். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட வயதில் மிகவும் பெரியவர். அவர் இவரை "டீச்சர்" என்பார். இவர் அவரை "சார்" என்பார். இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை.

வேலைக்காலம் முழுக்க அண்ணன் தம்பிகளுக்கு நடுவே கல் நட்டவர் வைரக்கண்ணு. அதனால் எதைச் செய்தாலும் எல்லைகளைத்தான் செய்தார். சாக்கில் செய்தாலும் தகரத்தில் செய்தாலும் அது கிராமத்து நில வரைபடம் மாதிரியே வந்து நின்றது. ஒரு வருஷம் கண்காட்சிக்கு வந்த ஒரு விவசாயி அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இதுல எங்க கொல்லை எதுங்க?" என்று கேட்டே விட்டார்.

டீச்சர் அதையும் கேட்டுக்கொண்டு பசை தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மழைநாளில் அந்தக் கோடு வந்தது.

பட்டறையில் எல்லோரும் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார்கள். வைரக்கண்ணு கொஞ்சம் அவசரமாகச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு, சாக்கின் மேல் செம்புக் கம்பியை மேலிருந்து கீழாக நேராகப் பதிக்க உட்கார்ந்தார். விக்கல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு விக்கலுக்கும் கை ஒரு குதி குதித்தது. கம்பி ஓர் அரைவட்டமாகப் பக்கத்தில் புடைத்து, திரும்பவும் வழிக்கு வந்தது. கொஞ்சதூரம் ஒழுங்காகப் போகும். மறுபடி ஒரு விக்கல்.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு, கம்பி வளைக்கும் கொறடாவை எடுத்து நிமிர்த்தப் போனார்.

"இருக்கட்டும் சார்," என்றார் டீச்சர்.

"கோணலாப் போச்சு டீச்சர்."

"கோணல் இல்ல. எட்டிப் பாக்குது."

வைரக்கண்ணு கொறடாவைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியைப் பார்த்தார். இத்தனை காலம் தான் போட்ட எந்த எல்லையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அந்தக் கோட்டை விடவில்லை. பட்டறையில் அதற்கு 'விக்கல் கோடு' என்று பெயர் விழுந்தது.

ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். துருச்சாயம் ஏற்றிய துணி, செங்கல் பொடி, சுண்ணாம்பு, சாக்கு. இவற்றின் நடுவே உச்சியிலிருந்து அடிவரை ஒரே செம்புக் கம்பி, விக்கிக்கொண்டு.

பொங்கலன்று மாலை பட்டறையில் கண்காட்சி நடக்கும். மூன்று சுவர்களை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். கிழக்குச் சுவர் மட்டும் ஒரே ஓர் ஆளுக்கு. தெருக்கதவைத் திறந்துவிட்டால் சாயங்கால வெயில் நேராக அந்தச் சுவரில்தான் வந்து விழும்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் டீச்சர் பசை கிண்டிக்கொண்டே சொன்னார். "இந்த வருஷம் கிழக்குச் சுவர் உங்களுக்கு சார்."

அன்றைக்கே வைரக்கண்ணு கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தார். பழைய ஆபீஸ் நண்பர்களுக்கும் செய்தார். 'வயசான காலத்தில் சாக்கு ஒட்டுகிறார்' என்று சிரித்தவர்கள் அவர்கள். "வந்து பாருங்கப்பா" என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொன்னார்.

போகியன்று காலை அவர் பட்டறைக்குள் நுழைந்தபோது வடக்குச் சுவரில் ஒரு புது வேலை மாட்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர் பலகைகள். அவற்றின் மேல் மெல்லிய எஃகுக் கம்பி. கம்பி விக்கிக்கொண்டு போயிற்று.

பக்கத்தில் நஸ்ரீன் நின்றிருந்தாள். மேற்குச் சாரியில் பல் மருத்துவமனை வைத்திருப்பவள். விடுமுறை நாட்களில் பட்டறைக்கு வருவாள். பல் கட்டும் கம்பியும் பிளாஸ்டரும்தான் அவளுடைய சரக்கு.

"டாக்டரம்மா, இது என்ன?"

"கோடு சார்."

"என் கோடு."

"ஆமா சார். நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சொல்றதா? கேக்கணும்."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சார் கேக்கல."

வைரக்கண்ணு விறுவிறுவென்று வெளியே போனார். வீட்டுக்குப் போய் ஒரு பெட்ஷீட் எடுத்துவந்து தன் வேலையை மூடினார். சாக்பீஸை எடுத்து, தன் இடத்தைச் சுற்றித் தரையில் ஒரு சதுரம் போட்டார். அளந்து போட்ட மாதிரியே இருந்தது. உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் வந்தார். சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே நின்றார்.

"உள்ள வரலாமா சார்?"

"நீங்க வரலாம்."

டீச்சர் காலைத் தூக்கிவைத்து உள்ளே வந்தார்.

"டீச்சர், ஒரு எண்ணம் வருது. அது யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கு வந்துச்சோ அவங்களுக்குத்தான்."

இவ்வளவு சீக்கிரம் தன் கட்சிக்கு வருவார் என்று வைரக்கண்ணு எதிர்பார்க்கவில்லை.

"அப்போ அதை இறக்கச் சொல்லுங்க. நாளைக்கு என் மக வர்றா. ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க. டாக்டரைப் பாத்து வைரக்கண்ணு காப்பியடிச்சுட்டான்னு பேசுவாங்க."

"பேசுவாங்கதான்."

"அது இறங்கலன்னா என்னோடது ஏறாது. கிழக்குச் சுவர் காலியாவே இருக்கட்டும்."

டீச்சர் திரும்பி மூலைக்குப் போனார். அங்கே ஒட்டிய காகிதங்களின் மேல், பசை காயும்வரை அழுத்திக்கொண்டு ஒரு கல் இருந்தது. ரோடு போட்டபோது உடைந்து வெளியே விழுந்த எல்லைக்கல்லின் பாதி. நல்ல கனம். அதை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைரக்கண்ணுவின் மடியில் வைத்தார்.

"நீங்க சர்வேயர். உங்க எண்ணத்தை அளந்துட்டு வாங்க. எங்க முடியுதோ அங்க இந்தக் கல்லை நட்டுடுங்க. கல்லுக்கு உள்ள இருக்கிறது எல்லாம் உங்களுது. அதுல எது இந்தச் சுவர்ல தொங்கினாலும் நானே இறக்கிடறேன்."

"நஸ்ரீனோடதும்?"

"அதைத்தான் முதல்ல."

"முடியற இடம் தெரியலன்னா?"

"கல்லையாவது பத்திரமாக் கொண்டாங்க சார். நிறைய ஒட்டினது இருக்கு."

நஸ்ரீன் தூரத்திலிருந்து சொன்னாள். "ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க சார்."

பொங்கலன்று காலை வைரக்கண்ணு தன் பழைய மொபெட்டின் கேரியரில் கல்லைக் கயிறு போட்டுக் கட்டினார். பட்டறை வாசலில் வண்டியை உதைத்துக் கிளப்பினார். இரண்டு முழம்கூடப் போயிருக்க மாட்டார், பிரேக் பிடித்தார்.

தரையில் அவருடைய கோடு.

எதிர்வீட்டுத் தனக்கோடியம்மாவின் பொங்கல் கோலம் அது. அந்த அம்மாளின் வாசற்படியில் தொடங்கி, தெருவுக்கு இறங்கி, தார் ரோட்டைக் கடந்து, பட்டறை வாசல்வரை வந்திருந்தது. சுற்றிலும் கரை கட்டின மாதிரி விக்கல் கோடு. தனக்கோடியம்மா குனிந்து அதற்குக் காவி தீட்டிக்கொண்டிருந்தார்.

எல்லை எங்கே ஓடுகிறது என்று வைரக்கண்ணுவுக்கு ஒரு விரல்கடைகூடப் பிசகாமல் தெரியும்.

"நடு ரோட்டைத் தாண்டி வந்திருக்கீங்களே?"

"மாவு தீரல சார். போட்டுக்கிட்டே வந்துட்டேன்."

"இந்தக் கோட்டை யார் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான்."

"நானா?"

"உங்க சாக்கை வெயில்ல காய வெச்சீங்கல்ல, என் வடகத்துக்குப் பக்கத்துல? நான் காக்கா ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வேற என்னத்தைப் பாக்கறது? அதையே பாத்தேன். மார்கழி பூரா இதைத்தான் போட்டேன். நீங்க குனிஞ்சு பாத்தாத்தானே?"

வைரக்கண்ணு இறங்கிக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு குதிப்புக்குள்ளும் ஒரு புள்ளி இருந்தது.

"என் கோட்டுல புள்ளி இல்லையே?"

"இல்லதான். பாவம், எட்டிப் பாக்குது, அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆளுக்கு ஒண்ணு வெச்சேன்."

அவர் வெகுநேரம் பார்த்தார். புள்ளி வைத்தது நன்றாக இருந்தது.

"இதை வேற யாருக்காவது காட்டினீங்களா?"

"கோலத்தை யாருக்கு சார் காட்டறது? அது பாட்டுக்குத் தெருவுல கெடக்குது. ரொட்டிக்கார சவரிதான் தினம் சைக்கிளை நிறுத்திப் பாத்துட்டுப் போவான்." தனக்கோடியம்மாவின் கண் கேரியருக்குப் போயிற்று. "கல்லு எதுக்கு?"

"முடியற இடத்துல நடறதுக்கு."

"என் வாசல்ல நட்டுடாதீங்க. கால்ல இடிக்கும்."

சவரியின் ரொட்டிக்கடை கிழக்குச் சாரியின் கோடியில் இருந்தது. விறகடுப்பு. வைரக்கண்ணு போனபோது சவரி நீளநீளமான ரொட்டிகளை அடுப்பிலிருந்து இழுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளேடால் கீறிய கோடு. அது ஒரு பக்கமாகக் குதித்துக் குதித்துப் போய், அந்த இடங்களில் ரொட்டி மலர்ந்திருந்தது.

"சவரி, அது என் கோடு."

"எது?"

"முதுகுல போட்டிருக்கியே."

"அட, உங்களுதா?" சவரியின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் தனக்கோடியக்காவோடதுன்னுல்ல நெனச்சேன். உக்காருங்க, உக்காருங்க. முன்ன எல்லாம் நேராக் கீறுவேன். எந்தப் பக்கம் வெடிக்கும்னு எனக்கே தெரியாது. இப்ப நான் சொன்ன பக்கம் வெடிக்குது. யாருதுன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ வந்து சொல்லியிருப்பேன். இந்தாங்க, சூடா இருக்கு."

சண்டை போட வந்தவர் கையில் சூடான ரொட்டி இருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிய்த்துத் தின்றார். தன் கோட்டைத் தானே தின்றார். நன்றாக இருந்தது.

"இது எது வரைக்கும் போகும் சவரி?"

"ரொட்டியா? இந்தப் பக்கம் டீக்கடை எல்லாம் போகும். அந்தப் பக்கம் டீக்கடை எல்லாம் போகும். திண்டிவனம் பஸ்ல ஒரு கூடை ஏறும். அதுக்கு மேல யாரு கண்டா? தின்னவனைத்தான் கேக்கணும்."

மீதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி மொபெட்டின் முன்பக்கம் வைத்துக்கொண்டு வைரக்கண்ணு கிளம்பினார்.

மெயின் ரோட்டில் ஏறியதும் அவருக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. ஓட்டிப்போனவள் புதுப்புடவை கட்டிய ஒரு பெண். அவளுடைய ஜாக்கெட்டின் முதுகில், கழுத்து வெட்டைச் சுற்றி, சிவப்பு நூலில் அவருடைய கோடு. வைரக்கண்ணு வேகத்தைக் கூட்டினார். ஸ்கூட்டரும் கூட்டியது. புள்ளி இருக்கிறதா என்று பார்க்க அவர் கழுத்தை நீட்டினார். ஸ்கூட்டர் சட்டென்று ஓரங்கட்டி நின்றது.

"என்ன பெரியவரே? நானும் பாக்கறேன், கண்ணாடியில தெரியுது. நல்ல நாளும் அதுவுமா ஜாக்கெட்டையே பாத்துக்கிட்டு வர்றீங்க? பின்னாடி கல்லு வேற கட்டியிருக்கீங்க?"

வைரக்கண்ணுவுக்கு வியர்த்துவிட்டது.

"அய்யோ அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அது என் கோடு."

"என்ன கோடு?"

அவர் காகிதத்தைப் பிரித்து ரொட்டியைக் காட்டினார். அவள் ரொட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அதான் எங்க டெய்லர் இதை ரொட்டி டிசைன்னு சொன்னாரா? நான்கூட, என்னடா பேரு இதுன்னு நெனச்சேன். டீ குடிக்கும்போது தோணுச்சாம் அவருக்கு." அவள் சிரித்து முடிக்கவில்லை. "இது உங்களுதுன்னா, அங்க ஏரிக்கரை திருப்பத்துலயும் ஒண்ணு இருக்கு, போய்ப் பாருங்க. கரும்பு விக்கிறவங்க பானையில போட்டிருக்காங்க. இப்பதான் கரும்பு வாங்கிட்டு வர்றேன்."

ஏரிக்கரை திருப்பத்தில் ரோட்டோரமாகக் கரும்புக் கட்டுகள் சாய்த்து வைத்திருந்தன. மஞ்சள் கொத்துகளும் கொஞ்சம் மிச்சம் இருந்தன. விற்றுத் தீராததால் ஊருக்குப் போக முடியாத ஒரு கணவனும் மனைவியும் அங்கேயே அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பெயர் அஞ்சலாட்சி. அவன் பக்கிரி. மஞ்சள் கொத்து கட்டிய புதுப்பானை பக்கத்தில் தயாராக இருந்தது. பானையின் கழுத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அது மேலேயும் குதித்தது, கீழேயும் குதித்தது.

வைரக்கண்ணு வண்டியை நிறுத்தினார்.

"ஜோடி கரும்பா சார்? போணி விலைக்கே தர்றேன்," என்றான் பக்கிரி.

"இந்தக் கோட்டை யாரைப் பாத்துப் போட்டீங்கம்மா?"

"எந்தக் கோடு?" என்றாள் அஞ்சலாட்சி.

"பானையில."

"யாரைப் பாக்கணும்?"

"சவரி ரொட்டி வாங்கினீங்களா? இல்ல, இந்தப் பக்கம் யாராவது ஜாக்கெட்டு..."

"எந்த ரொட்டி? எந்த ஜாக்கெட்டு? நேத்து சாயங்காலம்தான் பண்ருட்டி பக்கமிருந்து லாரியில வந்து எறங்கினோம். கரும்பை விட்டுட்டு எங்க போறது?" அவள் புருஷனைக் காட்டினாள். "எல்லாம் இதால வந்தது. நான் ஒழுங்காத்தான் கோடு இழுத்துக்கிட்டு இருந்தேன். அப்பப் பாத்து இது, நேத்து கார்ல வந்த ஆளு மாதிரி பேசிக் காமிச்சுது."

"எந்த ஆளு?"

பக்கிரி எழுந்து நின்றான். இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டான். இல்லாத கார்க் கதவைத் திறந்தான். கரும்பை மேலும் கீழும் பார்த்தான். "ஏம்பா, இது டிக்கியில வராதே. கொஞ்சம் மடிச்சுத் தர முடியுமா?"

அஞ்சலாட்சிக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "மடிச்சாம் சார், கரும்பை! எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிக்கச் சிரிக்கக் கை குதிக்குது. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அழிச்சுடலாம்னு பாத்தேன். அப்பறம், இருக்கட்டும், சிரிச்சுக்கிட்டே வெச்ச பொங்கலா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வைரக்கண்ணு பானையைப் பார்த்தார். தன்னுடைய கோடு எப்போதும் ஒரே பக்கம்தான் எட்டிப் பார்த்தது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு விக்கல்ல வந்துச்சு," என்றார்.

"என்னது?"

"இந்தக் கோடு. எனக்கு விக்கல்ல வந்துச்சு. மிளகாய் பஜ்ஜி."

"எனக்குச் சிரிப்புல," என்றாள் அஞ்சலாட்சி. ஏதோ ஊரும் பேரும் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிற மாதிரி இருந்தது.

பக்கிரி பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தான். பானை சாய்ந்தது. மூன்று செங்கல்லில் ஒன்று ஈரத்தில் ஊறிப்போனது. கனம் தாங்காமல் மாவாக உதிர்ந்துவிட்டது. அவன் பானையைப் பிடித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தான். ஏரிக்கரையில் மண்தான் இருந்தது.

அஞ்சலாட்சியின் கண் மொபெட்டின் கேரியரில் நின்றது.

"பெரியவரே, அந்தக் கல்லு உங்களுக்கு இப்ப வேணுமா?"

வைரக்கண்ணு கல்லைத் திரும்பிப் பார்த்தார். சாயங்காலம் மகள் வருவாள். ஆபீஸ் ஆட்கள் வருவார்கள். நட்டுவிட்டுப் போனால் கிழக்குச் சுவர் அவருடையது. வடக்குச் சுவரில் இருப்பது இறங்கிவிடும். நடுவதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

பானையைப் பார்த்தார்.

"பெரியவரே, கை வலிக்குது," என்றான் பக்கிரி.

வைரக்கண்ணு கயிற்றை அவிழ்த்தார். கல்லைத் தூக்கிவந்தார். உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்த்தார். அடியில் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மறுபடி பார்த்தார். வேலைக்காலம் முழுக்கக் கல்லை நட்டே பழகியவர், முதல்முறையாக ஒரு கல்லைப் படுக்கவைத்தார்.

பானை அசையாமல் உட்கார்ந்தது.

"வெச்சாரு பாரு, கல்லு!" என்றான் பக்கிரி. "சார் கொத்தனாருங்களா?"

"கிட்டத்தட்ட," என்றார் வைரக்கண்ணு.

கரும்புச் சோகை நன்றாக எரிந்தது. மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ரோட்டில் போன ஒரு லாரிக்காரர் நிறுத்தி, கரும்பு விலை கேட்டு, வாங்காமல், அவரும் ஒரு துண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

பால் நுரைத்து ஏறியது. சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது.

"பொங்கலோ பொங்கல்!" என்று அஞ்சலாட்சி கத்தினாள். பக்கிரி கரும்பால் ஒரு தகர டப்பாவைத் தட்டினான். வைரக்கண்ணு எந்த நாளும் எதற்கும் கத்தியவர் இல்லை. அன்றைக்குக் கத்தினார். கத்திய வேகத்தில் அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். அவரும் விக்கிக்கொண்டே சிரித்தார்.

அவர் பட்டறைக்குத் திரும்பியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கையில் இலையில் கட்டிய பொங்கல். கேரியரில் வெறும் கயிறு.

வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த கோலத்தை மிதிக்காமல், இரண்டு பக்கத்து ஜனங்களும் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவருடைய மகளும் அவர்களில் ஒருத்தியாக நின்று, "அப்பா, எங்க போனீங்க? சட்டையெல்லாம் கரி!" என்றாள்.

"பொங்கல் வெச்சேன். இந்தா, சாப்பிடு," என்று இலையை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போனார்.

பெட்ஷீட்டை உருவிக் கீழே போட்டார். கொஞ்சநேரம் தன் வேலையைப் பார்த்தார். சுண்ணாம்புக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, செம்புக் கம்பியின் ஒவ்வொரு குதிப்புக்குள்ளும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே கீழே வந்தார். ஓர் இடத்தில் கொறடாவை எடுத்துக் கம்பியை மறுபக்கமாக ஒரு குதி குதிக்க வைத்தார்.

பின்னால் நஸ்ரீன் வந்து நின்றாள்.

"அது தனக்கோடியம்மா புள்ளிதானே சார்?"

"ஆமா."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க."

"தெரியும். அதான் கேக்கல."

நஸ்ரீன் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அதைக் கேட்டு டீச்சர் வந்தார். கையெல்லாம் பசை. சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"உள்ள வரலாமா சார்?"

வைரக்கண்ணு தரையைப் பார்த்தார். செருப்புக் காலால் கோட்டைத் தேய்த்தார். முழுதாக அழியவில்லை. வெள்ளையாகப் பரவியது.

"கல்லு எங்க சார்?"

"அடுப்புல இருக்கு டீச்சர்."

"நடலையா?"

"படுக்க வெச்சுட்டேன். ஒருத்தங்க பொங்கல் வெச்சாங்க. ஒரு கல்லு குறைஞ்சுது."

"முடியற இடம் அதுதானா?"

"அங்க போனா, அங்க ஒண்ணு ஆரம்பிக்குது டீச்சர்."

டீச்சர் தலையை ஆட்டினார்.

"கல்லை நடல. கொண்டாரவும் இல்ல," என்றார் வைரக்கண்ணு. கொஞ்சம் தயங்கினார். வாசலில் மகள் பொங்கலைத் தின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிழக்குச் சுவர் இன்னும் எனக்குத்தானா டீச்சர்?"

டீச்சர் கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டார்.

"பொங்குச்சா?"

"பொங்குச்சு டீச்சர்."

"எந்தப் பக்கமா?"

"எல்லாப் பக்கமும்."

சொல்லும்போது அவர் கை தானாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. வடக்குச் சுவரில் நஸ்ரீனின் எஃகுக் கம்பி. தெற்கே யாரோ கிழிந்த வலையில் கோத்திருந்த சிவப்புக் கயிறு, அதுவும் இரண்டு இடத்தில் குதித்தது. அதை அவர் இதுவரை பார்த்ததில்லை. திறந்த கதவுக்கு வெளியே ரோடு முழுக்கக் கோலம். கை நின்ற இடத்தில் அவரும் நின்றுவிட்டார்.

டீச்சர் ஆணியையும் சுத்தியலையும் அவரிடம் நீட்டினார்.

"எல்லாப் பக்கமும்னா, அப்பறம் ஒரு சுவரை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன சார் பண்ணப் போறீங்க?"